தாழ்ந்த இறக்கையின் பக்கம்

ஜனவரி 7, ஞாயிறு

தனபால் காலை ஒன்பது மணிக்கு வந்து காலிங் பெல்லை அடித்தார். கதவைத் திறந்தேன். தன் வீட்டு மணியைத் தானே அடித்தது அவருக்கே ஒரு மாதிரி இருந்திருக்க வேண்டும். "சாவி இருக்குது, ஆனா..." என்றார். "பரவால்லீங்க, வாங்க" என்றேன்.

இந்த நோட்டில் அவரைப் பெயர் சொல்லியே எழுதலாம் என்றிருக்கிறேன். பழகிக்கொள்ள வேண்டும்.

நவம்பரில் இருவரும் சேர்ந்து விவாகரத்து மனுக் கொடுத்தோம். யோசித்துக்கொள்ள ஆறு மாத அவகாசம். மே எட்டாம் தேதி மறுபடி போய், மனம் மாறவில்லை என்று சொல்ல வேண்டும். தனபால் சிங்காநல்லூரில் ஒரு மாடிப் போர்ஷன் எடுத்துப் போய்விட்டார். விமானம் மட்டும் இங்கேயே, ஹாலில் நிற்கிறது. அந்த வீட்டுக் குறுகலான படிக்கட்டில் அது ஏறாது.

ஹரிக்கேன். இரண்டாம் உலகப் போரில் பர்மா எல்லையில் பறந்த சண்டை விமானம். எங்களுடையது அசலில் நாலில் ஒரு பங்கு, ரிமோட்டில் பறப்பது. இறக்கையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் பத்து அடி. மரச் சட்டம் முடிந்து ஒரு வருடமாகிறது. இனி துணி, பெயிண்ட், இன்ஜின். மே மாதக் கடைசியில் காற்று ஆரம்பித்துவிடும். அதற்குள் பறக்கவிட்டாக வேண்டும். பிறகு அது தனபாலுடையது. வீடு எனக்கு, விமானம் அவருக்கு என்று பேச்சு. வைக்க இடம் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

மாலை ஐந்து வரை வால் பகுதியின் கீல்களைப் பொருத்தினோம். மதியத்துக்கு அரிசிப்பருப்புச் சாதம். நன்றாகச் சாப்பிட்டார்.

ஜனவரி 15, பொங்கல்

இலக்கியா திருச்சி ஹாஸ்டலிலிருந்து வந்திருக்கிறாள். அப்பாவோடு பாதி நாள், என்னோடு பாதி நாள். மூவருமாகப் பொங்கல் வைக்கலாமா என்று யாரும் கேட்கவில்லை.

ஜனவரி 21, ஞாயிறு

அசல் ஹரிக்கேனின் பின்பாதி உடம்பு தகரம் அல்ல, துணி. அதனால் இந்தப் பகுதி என்னுடைய வேலை. துணியைப் பற்றி எனக்குத் தெரியும். இருபது வருடமாக ஒரு பரிசோதனைக் கூடத்தில் துணியைக் கிழித்துக்கொண்டிருக்கிறேன். எவ்வளவு இழுத்தால் கிழியும் என்று எழுதிக் கொடுப்பதற்குத்தான் சம்பளம்.

சட்டங்களின் மேல் பாலியெஸ்டர் துணியைப் போர்த்தி, ஓரங்களை ஒட்டி, மேலே இஸ்திரிப் பெட்டியை ஓட்டினால் துணி சுருங்கி மேளத் தோல் மாதிரி விறைக்கும். சூடு அதிகமானால் உள்ளே இருக்கும் மெல்லிய சட்டத்தையே வளைத்துவிடும். குறைந்தால் தொங்கும். காலையிலிருந்து இடது பக்கம் முழுக்க முடித்தேன். தனபால் விரலால் தட்டிப் பார்த்தார். "அருமையா வந்துருக்குது" என்றார்.

நான் டீ போட்டுக்கொண்டு வந்தபோது இஸ்திரிப் பெட்டி அவர் கையில் இருந்தது.

"கடைசி மூணு சட்டத்துக்கு மட்டும் லேசா ஓட்டி வுட்டேன்" என்றார்.

பார்த்தேன். முன்பைவிட நன்றாகத்தான் இருந்தது.

பிப்ரவரி 4, ஞாயிறு

அவிநாசியிலிருந்து சித்தப்பா வந்தார். தனபால் இருக்கமாட்டார் என்று நினைத்து வந்தவர், ஹாலில் அவர் உப்புத்தாள் தேய்த்துக்கொண்டிருப்பதைப் பார்த்ததும் திகைத்துப்போய் என்னைச் சமையலறைக்குள் கூட்டிக்கொண்டு போனார்.

"அடிக்கறானா?"

"இல்லீங்க சித்தப்பா."

"குடியா?"

"இல்லீங்க."

"வேற எவளாச்சும்..."

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க."

"அப்புறம் என்னதான் கண்ணு குறை அந்த மனுசங்கிட்ட?"

"குறையில்லீங்க."

"குறையில்லாததுக்கெல்லாம் கோர்ட்டுக்குப் போனா கோயமுத்தூர்ல ஒரு வூட்லயும் அடுப்பு எரியாது, பாத்துக்க."

நான் சர்க்கரை டப்பாவைத் திறக்கப் பார்த்தேன். மூடி இறுகியிருந்தது. சித்தப்பா வாங்கித் திறந்து கொடுத்தார். கூடத்துக்குப் போய் விமானத்தைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார்.

"இதை யாரு செய்யறீங்க?"

"ரெண்டு பேருந்தானுங்க மாமா" என்றார் தனபால்.

"பைத்தியங்க" என்று சொல்லிவிட்டுக் காபியைக் குடித்தார்.

பிப்ரவரி 11, ஞாயிறு

ரிவெட். இன்று இடது இறக்கை மட்டும்.

பிப்ரவரி 18, ஞாயிறு

ரிவெட் என்றால் ஆணி அல்ல. அசல் விமானத்தில் தகரங்களைச் சேர்த்து அடித்த ஆணிகளின் தலை மாதிரி தெரிவதற்காக, ஊசி போடும் சிரிஞ்சில் வெள்ளைப் பசையை நிரப்பி, சொட்டுச் சொட்டாக வரிசையில் வைக்கிறோம். காய்ந்ததும் சிறு முத்து மாதிரி எழும்பி நிற்கும். ஆயிரக்கணக்கில் வைக்க வேண்டும். இந்த வேலையில் தனபாலுக்குப் பொறுமை கிடையாது. எனக்குப் பிடித்திருக்கிறது. கை ஒரு வேகத்துக்கு வந்துவிட்டால் தலைக்குள் எதுவும் இருப்பதில்லை.

இலக்கியா போன் செய்தாள்.

"என்னம்மா பண்றீங்க?"

"பசை வச்சுட்டிருக்கேன்."

"போன வாரமும் அதேதான் சொன்னீங்க. அப்பா?"

"இன்ஜின் மவுண்ட் போட்டுட்டிருக்கார்."

"நீங்க ரெண்டு பேரும் வேணும்னே மெதுவா செய்யறீங்களாம்மா?"

அசல் விமானத்தில் எத்தனை ரிவெட் இருக்கிறதோ அத்தனையும் வைக்க வேண்டும், அதுதான் முறை என்று சொன்னேன். அவள் சிரித்தாள். "முப்பதடி உயரத்துல பறக்கும்போது எவன்மா எண்ணப் போறான்?"

யாரும் எண்ணமாட்டார்கள். அது எனக்கும் தெரியும்.

மார்ச் 3, ஞாயிறு

பெயிண்ட். மேலே பச்சையும் பழுப்பும், அடியில் சாம்பல். இறக்கையில் இருக்கும் வட்டக் குறியில் சிவப்பு வரக்கூடாது, இரண்டு நீலம் மட்டும். பர்மாவில் பறந்தவற்றுக்கு அப்படித்தான். சிவப்புப் புள்ளியைத் தூரத்திலிருந்து பார்த்தால் ஜப்பானிய விமானம் என்று நினைத்துத் தங்கள் ஆட்களே சுட்டுவிடுவார்கள் என்று அதை எடுத்துவிட்டார்களாம். வெளிர் நீலத்தை நான் கலந்தேன். நாலாவது முறை சரியாக வந்தது. தனபால் அதில் ஒரு சொட்டு வெள்ளை சேர்த்தார்.

மூடியைப் போடும்போது சொன்னேன்: "முதல் தடவை நான் ஓட்டறேனுங்க."

அவர் பிரஷ்ஷைக் கழுவிக்கொண்டிருந்தார். கழுவி முடித்து, உதறி, துணியில் துடைத்தார்.

"எதை?"

"இதைத்தான்."

"பூங்கொடி, இது பதினெட்டுக் கிலோ. பெட்ரோல் இன்ஜின். உனக்கு பழகற அந்தச் சின்ன பிளேனே இன்னும் சரியா வராது."

"தெரியுமுங்க."

"ரெண்டு வருச வேலை இது. ஒரு செகண்டுல போயிரும்."

"அதுல பாதி என்னோடதுங்களே."

விமானம் செய்ய ஆரம்பித்த இந்தப் பன்னிரண்டு வருடத்தில் இதற்கு முன் மூன்று செய்திருக்கிறோம். மூன்றையும் அவர்தான் ஓட்டினார். நான் ஒருபோதும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் கொடுத்திருப்பார் என்றுதான் நினைக்கிறேன். ஏன் இப்போது கேட்டேன் என்று அவரும் கேட்கவில்லை. பிரஷ்ஷை டப்பாவில் போட்டுவிட்டு, "சரி, லிங்க் போட்டுக்கலாம்" என்றார்.

மார்ச் 10, ஞாயிறு

கிளப்பின் மைதானம் தாராபுரம் சாலையில் இருக்கிறது. ஒரு நூற்பாலைக்காரர் எப்போதோ போட்ட ஓடுதளம். வருகிறவர்கள் ஏழெட்டுப் பேர். நான் ஒருத்திதான் பெண். அதனால் மரத்தடியில் இருக்கும் ஒரே நாற்காலி எனக்கு.

லிங்க் என்பது இதுதான். ரிமோட் இரண்டு. ஒன்று அவர் கையில், ஒன்று என் கையில். இரண்டும் பேசிக்கொள்ளும். அவருடைய ரிமோட்டில் ஒரு ஸ்பிரிங் ஸ்விட்ச். அதை அவர் விரலால் இழுத்துப் பிடித்திருக்கும்வரை விமானம் என் பேச்சைக் கேட்கும். விரலை விட்டால் அடுத்த கணம் அவர் பேச்சைக் கேட்கும். விழப்போகும் விமானத்தைக் காப்பாற்றுவதற்கான ஏற்பாடு. நல்ல ஏற்பாடு.

தெர்மாகோல் மாதிரியான நுரையில் செய்த சின்ன விமானத்தில் பழகினேன். இடது பக்கம் திரும்பும்போது இறக்கை கொஞ்சம் அதிகமாகச் சாய்ந்தது. சரி செய்ய ரிமோட்டின் குச்சியை நகர்த்தினேன். நான் நகர்த்துவதற்கு முன்பே அது நிமிர்ந்துவிட்டது. குச்சி என் கையில்தான் இருந்தது. ஆட்டிப் பார்த்தேன். மேலே ஒன்றும் நடக்கவில்லை. விமானம் அழகாக ஒரு வட்டம் போட்டு வந்தது.

"எடுத்துட்டீங்களா?" என்றேன்.

"சும்மா, ஒரு செகண்டு. இப்ப உன்கிட்டதான் இருக்குது."

இப்படி ஒரு பேட்டரி தீர்வதற்குள் பல முறை. ஒவ்வொரு முறையும் ஆட்டிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது, யார் ஓட்டுகிறார்கள் என்று.

உக்கடத்தில் பேட்டரிக் கடை வைத்திருக்கும் ஷாஜகான் அண்ணன் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "தனபாலு, தங்கச்சி கையில குடுத்துருக்கியா, இல்ல வேடிக்கை காட்டிட்டிருக்கியா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். தனபாலும் சிரித்தார்.

ஷாஜகான் அண்ணன் எனக்கு ஒன்று சொல்லிக் கொடுத்தார். விமானம் நம்மைவிட்டுப் போகும்போது பிரச்சினையில்லை. நம்மை நோக்கி வரும்போது அதன் வலது நமக்கு இடதாகிவிடும். புதிதாக ஓட்டுகிறவர்கள் அங்கேதான் குழம்பிக் கீழே போடுவார்கள். "அப்ப இடது வலதுன்னு யோசிக்கவே யோசிக்காதீங்க. எந்த இறக்கை தாழுதோ, அந்தப் பக்கம் குச்சியைத் தள்ளுங்க. சாயற பந்தலுக்கு முட்டுக் குடுக்கற மாதிரி."

மார்ச் 16, சனி

கேஸ் சிலிண்டர் வந்தது. மாவு அரைத்தேன். மாலையில் சின்ன விமானத்தை ஸ்கூட்டியின் முன்னால் வைத்து, பேரூர்ப் பக்கம் வற்றிக் கிடக்கும் குளத்துக்குப் போனேன். லிங்க் இல்லை. மூன்று முறை மேலே போயிற்று. மூன்று முறை கீழே வந்தது. கடைசி முறை மூக்கு முதலில் வந்தது.

வீட்டுக்கு வந்து ஒட்டினேன்.

மார்ச் 24, ஞாயிறு

தனபால் சின்ன விமானத்தை எடுத்துப் பார்த்தார். இறக்கையின் நடுவில் புதிய பசைக் கோடு. அதன்மேல் கட்டைவிரலை ஓட்டினார். என்னைப் பார்த்தார். நான் ஹரிக்கேனின் பக்கவாட்டில் வரும் எண்களை ஸ்டென்சிலில் வெட்டிக்கொண்டிருந்தேன். வைத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போனார்.

ஒன்றும் கேட்காதது அவருக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும்.

ஏப்ரல் 7, ஞாயிறு

எடை சமநிலை. இறக்கையின் கீழ் இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு பக்கம் விரல்களை வைத்துத் தூக்கினோம். வால் கீழே போயிற்று. மூக்குக்குள் ஈயக்கட்டி வைத்து, மறுபடி தூக்கி, மறுபடி வைத்து, சமமாக நிற்கும் வரை. இதை ஒருவர் தனியாகச் செய்ய முடியாது. ஒரே நேரத்தில், ஒரே உயரத்துக்குத் தூக்க வேண்டும். நாங்கள் எண்ணுவதோ ஜாடை காட்டுவதோ இல்லை. எப்படியோ சரியாக வந்துவிடும்.

இன்ஜினை மொட்டைமாடியில் ஓட்டிப் பார்த்தோம். கீழ் வீட்டுச் சரஸ்வதி அக்கா மேலே வந்துவிட்டார். "ஏம்ப்பா தனபாலு, வீட்டோட பறந்து போகப் போறீங்களா?" என்றார். பிறகு, "திரும்ப இங்கயே வந்துட்டியா? சந்தோசம்" என்றார். தனபால் இன்ஜினை நிறுத்தினார்.

ஏப்ரல் 19, வெள்ளி

ஓட்டுப் போட்டேன். தனபாலுக்கும் இதே பூத்தான். வரிசையில் எனக்குப் பின்னால் வந்து நின்றார். உள்ளே பட்டியலைப் பார்த்து என் பெயரையும் கணவர் பெயரையும் உரக்க வாசித்தார்கள். "ஆளு பின்னாடியே நிக்கறேனுங்க" என்றார் தனபால். அதிகாரி சிரித்தார்.

ஏப்ரல் 28, ஞாயிறு

செய்வதற்கு வேலை எதுவும் மீதியில்லை என்று தனபால் சொன்னார். எக்ஸாஸ்ட் குழாய்க்குப் பின்னால் புகைக்கறை போட வேண்டும் என்று நான் சொன்னேன். கரித்தூளைப் பஞ்சில் தொட்டு மதியம் வரை தேய்த்தேன். பிறகு சக்கரத்தில் சேறு. பிறகு விமானி ஏறும் இடத்தில் பெயிண்ட் உரிந்த மாதிரி வெள்ளிக் கீறல்கள்.

"போதும் பூங்கொடி" என்றார். "இதுக்கு மேல போட்டா பழைய இரும்புக் கடையில இருந்து வந்த மாதிரி ஆயிரும்."

"அடுத்த ஞாயிறு பறக்கவிட்டுரலாமுங்களா?"

"ம்."

அவர் போன பிறகு ஹாலைப் பெருக்கினேன். பால்சா மரத்தூள் சோபாவுக்கு அடியில் மெத்தை மாதிரி சேர்ந்திருந்தது.

மே 5, ஞாயிறு

இருட்டோடு கிளம்பி, இறக்கைகளைக் கழற்றிக் குட்டியானை வண்டியில் ஏற்றி, ஏழு மணிக்கெல்லாம் மைதானம் சேர்ந்துவிட்டோம். காற்று இல்லை. கிளப்பில் எல்லோரும் வந்திருந்தார்கள்.

கிளப்பில் ஒரு வழக்கம் உண்டு. புது விமானத்தை முதல்முறை ஓட்டி நல்லபடியாக இறக்கியவர் அன்று எல்லோருக்கும் டிபன் வாங்கித் தர வேண்டும். கொடுவாய் மெஸ்ஸில். உடைத்துவிட்டால் மற்றவர்கள் சேர்ந்து அவருக்கு வாங்கித் தருவார்கள்.

"தங்கச்சி ஓட்டுதா? அப்ப எனக்கு ரெண்டு பிளேட் பணியாரம்" என்றார் ஷாஜகான் அண்ணன்.

"உடைச்சுட்டா?" என்றேன்.

"அப்பவும் நான் ரெண்டு பிளேட்தான் சாப்பிடுவேன். சோகத்துல."

தனபால் எனக்கு வலது பக்கம் நின்றார். ஸ்விட்சை இழுத்துப் பிடித்துக்காட்டினார். நான் குச்சிகளை அசைத்தேன். வால் அசைந்தது, இறக்கையின் மடல்கள் அசைந்தன. இன்ஜினைக் கூட்டினேன். வால் எழுந்தது. கொஞ்சம் வலப்பக்கம் இழுத்தது, திருத்தினேன், நானேதான் திருத்தினேன். ஓடுதளத்தின் பாதிக்கு முன்பே சக்கரம் தரையை விட்டது.

மேலே போனதும் அது பெரிதாகத் தெரியவில்லை. நிஜமாகத் தெரிந்தது. எங்கோ தூரத்தில் நிஜமான விமானம் ஒன்று போவது மாதிரி. ஒரு வட்டம், இரண்டு வட்டம். குச்சியைக் கொஞ்சம் ஆட்டிப் பார்த்தேன். விமானம் ஆடியது. என்னிடம்தான் இருந்தது.

மூன்றாவது வட்டத்தில் இறக்குவதற்காகத் திருப்பினேன். நேராக எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தது. எனக்கு இடது பக்கமாக இருந்த இறக்கை தாழ்ந்தது. வலது என்று மனம் சொன்னது. வலது பக்கம் தள்ளினேன். இன்னும் தாழ்ந்தது. இன்னும் தள்ளினேன்.

பிறகு குச்சி என் கையில் வெறுமனே இருந்தது.

விமானம் நிமிர்ந்தது. கொஞ்சம் மேலே எடுத்து, சுற்றி, மெதுவாக இறங்கி, இரண்டு சக்கரமும் ஒரே நேரத்தில் தொட்டு, நீளமாக ஓடி, வாலைத் தரையில் வைத்து நின்றது. அதைவிட அழகாக இறக்க முடியாது. நான் கடைசிவரை குச்சிகளைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

கைதட்டினார்கள். ஷாஜகான் அண்ணன் ஓடி வந்து, "தங்கச்சி, என்ன இறக்கு! பஞ்சு மாதிரி!" என்றார்.

"நான் ஒண்ணுமே பண்ணலைப்பா" என்றார் தனபால். "ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும் அவளேதான்."

அவர் முகத்தைப் பார்த்தேன். பெருமையாக இருந்தது. பொய் சொல்வதாகவே அவருக்குத் தோன்றியிருக்காது. எனக்கு ஒரு நல்லது செய்கிறார், அவ்வளவுதான்.

"டிபன் அவருதுங்க அண்ணா" என்றேன். "இறக்குனது அவர்தான்."

ஒருவர் விமானத்தைத் தூக்கிவரப் போனார். தனபால் ரிமோட்டின் கழுத்துப் பட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார். நெடுநேரம் கழற்றினார்.

"எடுக்கலைன்னா போயிருக்கும்" என்றார், எனக்கு மட்டும் கேட்கும்படி.

"தெரியுமுங்க. நான் தப்பாத் தள்ளிட்டேன்."

"அப்புறம் என்ன?"

அவர் கேட்டது நியாயம். அவர் எடுத்தது சரி. நான் யோசித்துப் பார்க்கிறேன், அவர் எடுத்த எதுவுமே தவறாகப் போனதில்லை. வண்டியில் நான் கியர் போடச் சிரமப்பட்டபோது, அம்மாவின் ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் நான் பேசிக்கொண்டிருந்தபோது, இலக்கியாவின் அட்மிஷன் வரிசையில். ஒவ்வொரு முறையும் நான் கொஞ்சம் சாய்ந்தேன், ஒவ்வொரு முறையும் எல்லாம் நிமிர்ந்தது. பிறகு எல்லோரிடமும் சொல்வார், அவளேதான் பார்த்துக்கொண்டாள் என்று.

"இன்னொரு தடவை ஓட்டறேனுங்க" என்றேன். "லிங்க் இல்லாம."

அவர் வானத்தைப் பார்த்தார். "காத்து எந்திரிச்சுருச்சு" என்றார்.

உண்மையில் எழுந்திருந்தது. காற்றின் திசை காட்டும் துணி கம்பத்தில் நீட்டிக்கொண்டு நின்றது.

மெஸ்ஸில் அவர் எல்லோருக்கும் வாங்கிக் கொடுத்தார். ஷாஜகான் அண்ணன் ஒரு பிளேட்டுக்கு மேல் சாப்பிடவில்லை.

மே 6, திங்கள்

சோதனைக் கூடத்தில் வேலை ஓடவில்லை. ஒரே துணியை இரண்டு முறை கிழித்தேன்.

மாலையில் தனபாலுக்குப் போன் செய்தேன்.

"நாளைக்கு லீவு போட முடியுங்களா?"

"கோர்ட்டு நாளன்னிக்குத்தானே?"

"கோர்ட்டுக்கு இல்லீங்க. மைதானத்துக்கு. காலையில சீக்கிரம் போனா காத்து இருக்காது."

அந்தப் பக்கம் டிவி சத்தம் கேட்டது. பிறகு அதை அணைத்தார்.

"ஷாஜகானைக் கூட்டிட்டுப் போலாமே. அவன் வருவான்."

"நீங்க வாங்க."

"நான் எதுக்கு? என் ரிமோட்டே வேண்டாங்கறே."

ஸ்டார்ட் செய்யும்போது வாலைப் பிடிக்க ஆள் வேண்டும் என்று சொன்னேன்.

"உடைஞ்சா?"

"உடையட்டுமுங்க."

நாற்காலியை நகர்த்தும் சத்தம் கேட்டது. பிறகு, "அஞ்சு மணிக்கு வண்டியோட வர்றேன்" என்றார்.

மே 7, செவ்வாய்

மைதானத்தில் நாங்கள் இருவர் மட்டும். ஓடுதளத்தின் ஓரத்தில் ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. தனபால் போய் அவற்றை விரட்டிவிட்டு வந்தார்.

லிங்க்கை அவரே என் ரிமோட்டிலிருந்து எடுத்துவிட்டார். தன்னுடையதை அணைத்து, வண்டிக்குள் வைத்து, கதவைச் சாத்தினார். வாலைப் பிடித்தார். இன்ஜின் பிடித்ததும் தலையசைத்தேன், விட்டார். எனக்குப் பின்னால் வந்து நின்றார். எவ்வளவு பின்னால் என்று பார்க்கவில்லை.

மேலே போயிற்று. முதல் வட்டம் பெரிதாகிவிட்டது, பனைமரங்களைத் தாண்டிப் போய்விட்டது. திருப்பிக் கொண்டுவந்தேன். உள்ளங்கை வியர்த்துக் குச்சி வழுக்கியது. புடவையில் துடைக்க முடியாது, கையை எடுக்க முடியாது. நாலாவது வட்டத்தில் இறக்கத் திருப்பினேன். எங்களை நோக்கி வந்தது. அதே இடத்தில் அதே இடது ஓரம் தாழ்ந்தது.

பின்னால் சரளைக் கல்லில் செருப்புச் சத்தம் கேட்டது. ஒரே ஒரு அடி. அப்புறம் கேட்கவில்லை.

இடது வலது என்று யோசிக்கவில்லை. தாழ்ந்த பக்கம் தள்ளினேன். நிமிர்ந்தது.

வேகம் கூடுதலாக வந்தேன். சக்கரம் தொட்டு எகிறியது. மறுபடி தொட்டு எகிறியது. மூன்றாவது முறை தரையில் நின்றது, ஓடியது. விமானம் நிற்கும் வரை குச்சியைப் பின்னால் இழுத்துப் பிடித்திருக்க வேண்டும். மறந்துவிட்டேன். கடைசியில், கிட்டத்தட்ட நிற்கப்போகும் நேரத்தில், ஹரிக்கேன் வாலைத் தூக்கி மூக்கைத் தரையில் குத்தி நின்றது. புரொப்பல்லர் உடையும் சத்தம் சின்னதாக, குச்சி ஐஸைக் கடித்த மாதிரி கேட்டது.

நான் நடந்து போனேன். நீளமான ஓடுதளம். தனபால் கூட வரவில்லை. புரொப்பல்லரின் இரண்டு முனையும் போயிருந்தன. அடி மூக்கில் பெயிண்ட் உரிந்திருந்தது. இந்த முறை நிஜமாகவே. மற்றபடி ஒன்றுமில்லை. வாலைப் பிடித்துக் கீழே வைத்தேன். இன்ஜின் சூடு முகத்தில் அடித்தது. அங்கேயே மண்டியிட்டு உட்கார்ந்திருந்தேன். சூடு ஆறுவதற்காக.

திரும்பிப் பார்த்தபோது அவர் அதே இடத்தில், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

"தூக்கணுமா?" என்று அங்கிருந்தே கத்தினார்.

"வாங்க" என்றேன்.

ஆளுக்கு ஒரு பக்கமாகத் தூக்கி வந்தோம். குச்சியை இழுக்க மறந்ததைப் பற்றி அவர் சொல்லவில்லை. வேகத்தைப் பற்றிச் சொல்லவில்லை. அவர் உதடு இரண்டு முறை பிரிந்து மூடியதைப் பார்த்தேன். கண்ணும் சிவந்திருந்தது. புழுதி அதிகம்.

மே 8, புதன்

பதினொன்றரைக்குக் கூப்பிட்டார்கள். மனம் மாறவில்லையா என்று நீதிபதி அம்மா கேட்டார். இல்லை என்றேன். தனபாலைக் கேட்டார். அவர் என்னைப் பார்த்தார். "இல்லீங்க" என்றார். யாருடைய வற்புறுத்தலும் இல்லையே என்று கேட்டார். இல்லை. கையெழுத்துப் போட்டோம். வெளியே வந்தபோது பன்னிரண்டுகூட ஆகவில்லை.

எதிரில் டீ குடித்தோம்.

நேற்று அவர் அப்படி நின்றது எனக்குள் என்னவோ செய்தது என்று அவரிடம் சொல்லலாமா என்று யோசித்தேன். சொன்னால் இன்னொரு அர்த்தம் எடுத்துக்கொள்வார். கல்யாணமான இருபத்தொரு வருடத்தில் அவர் ஒரு காலைப் பொழுது குறுக்கே வராமல் நின்றார். அப்படி நிற்க அவர் பட்ட பாட்டையும் பார்த்தேன். இனி தினமும் அப்படி நில்லுங்கள் என்று ஒரு மனிதரைக் கேட்க முடியாது. இதை எழுதும்போது தெளிவாக இருக்கிறது. அங்கே அவ்வளவு தெளிவாக இல்லை.

"பிளேன் உன்கிட்டயே இருக்கட்டும்" என்றார். "அதுக்கு எடம் தேடறதை வுட்டுட்டேன்."

"சரிங்க."

"புரொப்பல்லர் நான் வாங்கிக் குடுத்தர்றேன்."

"ஆர்டர் போட்டுட்டேனுங்க."

"எந்த சைஸு?"

"இருபத்தேழுக்குப் பத்து."

"மரமா, கார்பனா?"

"மரந்தான்."

டம்ளரைச் சுற்றிக்கொண்டே யோசித்தார். அவர் வேறொன்றைச் சொல்லியிருப்பார், எனக்குத் தெரியும். "ம்" என்றார். டீக்கு இருவருமே பர்ஸை எடுத்தோம். நான் கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு, உடைந்த புரொப்பல்லரைக் கழற்ற உட்கார்ந்தேன். போல்ட்டுகள் ஆறு. அவர் முறுக்கியவை, அசையவில்லை. ஸ்பேனரின் பிடியில் ஒரு இரும்புக் குழாயைச் செருகி நீளமாக்கி, இன்ஜினை முழங்காலால் அணைத்து, உடம்பு எடை முழுவதையும் கொடுத்து அழுத்தினேன். முதலாவது கழல நேரமாயிற்று. சரஸ்வதி அக்கா எதற்கோ மேலே வந்தவர், வாசலில் நின்று பார்த்துவிட்டு, "ஏங்கண்ணு, தனபாலைக் கூப்பிட வேண்டியதுதானே?" என்றார்.

"கழண்டுருச்சுங்கக்கா" என்றேன்.

இன்னும் ஐந்து இருந்தன.